மூக்குக்கட்டி ஐயாவும் ஒரு பிடி அரிசி மாவும்

இரத்தினபுரியிலிருந்து கேகாலை வரைக்கும் உள்ள அத்தனை தோட்டங்களிலும், தன் மூக்கைத் தன் மனைவியைவிட அதிகமாக மதித்த ஒரே மனிதர் எங்கள் மூக்குக்கட்டி ஐயாதான். அந்த மூக்கை நான் ஒரு பிடி அரிசி மாவால் அவமானப்படுத்தினேன். அதன் விளைவாக ஒரு குழந்தை சாகக் கிடந்தது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு நீங்கள் சிரிக்கும் இடங்களில் தாராளமாகச் சிரிக்கலாம். நாங்களும் சிரித்தவர்கள்தான்.

தோட்டங்கள் கம்பனிகளின் கைக்குப் போன புதிது அது. நான் தெரணியகலைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் பெரிய கிளாக்கர். யாழ்ப்பாணத்தில் நல்ல பள்ளிக்கூடத்தில் படித்தவன். படித்ததைத் தோட்டம் முழுவதும் மறக்காதபடி நடந்துகொண்டவன். மூக்குக்கட்டி ஐயா தோட்டத்து டிஸ்பென்சரிக்குப் பொறுப்பாக இருந்தார். காய்ச்சல் பார்ப்பார், காயம் கட்டுவார், மருந்து கலக்குவார். அவருடைய சொந்தப் பெயரை மாதா மாதம் சம்பளப் பட்டியலில் எழுதியவன் நானே. இன்று எவ்வளவு யோசித்தாலும் அது வருவதில்லை. மூக்குக்கட்டி என்றால் மட்டும் ஆள் அப்படியே முன்னால் வந்து நிற்கிறார்.

பெயருக்குக் காரணம் இருமல் பாணி என்ற மருந்து. அந்த மலையில் மழை தொடங்கினால் தொழிலாளர் லயங்களில் மனிதர்கள் பேசுவதை நிறுத்தி இருமத் தொடங்குவார்கள். வரட்டு இருமலை அடக்க, கோடீன் என்ற வெள்ளைத் தூளைச் சீனிப்பாகில் கலந்து ஐயா பாணி தயாரிப்பார். வேறு யாராவது அதைச் செய்தால் சமையல் என்பார்கள். அவர் செய்தால் அது கும்பாபிஷேகம்.

பாணி கலக்கும் நாளில் டிஸ்பென்சரிக் கதவு பூட்டப்படும். ஜன்னல்கள் அடைக்கப்படும். வாசலில் நனைத்த சாக்கு ஒன்று விரிக்கப்படும். ஐயா கைக்கு ரப்பர் உறை போட்டு, மனைவியின் பழைய பருத்திச் சேலையை நாலாக மடித்து மூக்கையும் வாயையும் சேர்த்துக் கட்டுவார். சேலையில் செம்பருத்திப் பூப் போட்டிருந்தது. எப்படிக் கட்டினாலும் ஒரு பூ சரியாக மூக்கு நுனியில் வந்து உட்கார்ந்துவிடும். அந்தக் கோலத்தில் தராசின் முன்னால் நின்று அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு தூள் நிறுப்பதை, ஜன்னல் இடுக்கால் பார்ப்பதுதான் தோட்டத்தின் ஒரே இலவசப் படக்காட்சி.

நிறுத்து முடிந்ததும் மேசையைத் தும்புத்தடியால் கூட்டமாட்டார். கூட்டினால் தூள் எழும்புமாம். ஈரத்துணியால் துடைத்து, அந்தத் துணியைத் தனி வாளியில் அலசுவார். அந்த வாளியை ஒருவரும் தொடக்கூடாது. ஒருமுறை பெரிய துரையின் நாய் அதில் தண்ணீர் குடித்துவிட்டது. ஐயா மத்தியானம் முழுக்க அந்த நாயின் பக்கத்தில் குந்தியிருந்து அதன் மூச்சைக் கவனித்தார். நாய் நன்றாகத் தூங்கியது. நாய்கள் மத்தியானத்தில் தூங்கும் என்று அவரிடம் சொல்ல யாருக்கும் துணிவு வரவில்லை.

"ஏன் காணும், இது என்ன அணுகுண்டோ?" என்று நான் கேட்டேன்.

"அபினியோட பேரப்பிள்ளை இது, கிளாக்கர் ஐயா. சாது மாதிரி இருக்கும். தாத்தா குணம் எங்க போகும்? மூச்சுல போனா தல சுத்தும். கூடிப்போனா மூச்சே மறந்துபோகும்."

"மூச்சு மறக்கிற சாமானோ? எனக்கு என்ர கடன்கள் மறக்கிற மாதிரி ஒரு தூள் தாருமன்."

அவர் சிரிக்கவில்லை. செம்பருத்திப் பூ மட்டும் உள்ளே போய் வெளியே வந்தது.

பாணி வாங்க வருகிறவர்கள் பட்ட பாடு அதைவிடப் பெரியது. அந்தக் காலத்தில் தோட்டத்து டிஸ்பென்சரிக்குப் போகிறவர் தன் போத்தலைத் தானே கொண்டுபோக வேண்டும். அநேகமாக அது காலி சாராயப் போத்தலாகவே இருக்கும். ஐயா அதை வாங்கி மணந்து பார்ப்பார்.

"போன வாரம் இதுல என்ன இருந்துச்சு?"

"மண்ணெண்ணெய்ங்க."

"அதுக்கு முந்தி?"

"அது... எங்க வீட்டுக்காரருக்குத்தான் தெரியுங்க."

போத்தல் திரும்பிப் போகும். சுத்தமான போத்தல் வந்தால் அடுத்தது இருமல் பரீட்சை. "எங்க, இருமிக் காட்டு" என்பார். பிரம்மாண்டமாக இருமுவார்கள். "இது பெரட்டு இருமல். காலையில ஆளுக் கூப்பிடுற நேரத்துக்கு மட்டும் வரும். போ, கொழுந்து எடு." அடுத்தவர் இருமுவார். "இது ஈர இருமல். சளி வெளிய வரணும். இத அடக்கினா உள்ள சளி குடும்பம் நடத்தும். கொத்தமல்லி அவிச்சுக் குடி." வரட்டு இருமல் என்று சித்தியடைந்தவருக்கு மட்டும் பாணி. அதுவும் போத்தலின் அடியில் ஒரு நாக்கு நனையும் அளவு. போத்தலைக் கவிழ்த்துப் பார்த்துவிட்டு, "ஐயா, மருந்து ஊத்த மறந்துட்டீங்க" என்ற பெண்கள் உண்டு.

நானும் ஒரு மழைக்காலத்தில் போய் நின்றேன். பெரிய கிளாக்கருக்குப் பரீட்சை இருக்காது என்று நினைத்துக்கொண்டு, என் மனைவி கழுவித் தந்த அழகான போத்தலை நீட்டினேன்.

"இருமிக் காட்டுங்க ஐயா."

வரிசையில் நின்ற அத்தனை பேருக்கும் முன்னால் இருமினேன்.

"இது சிகரெட்டு இருமலுங்க. பாணி வேணாம். சிகரெட்ட நிப்பாட்டுங்க." பிறகு என் தோளுக்கு மேலால் பார்த்து, "அடுத்தது."

வரிசையில் ஒரு கிழவி களுக்கென்று சிரித்தாள். படித்தவனின் மானம் அந்தச் சிரிப்பில் உடைந்தது. அதை ஒட்டவைக்க எனக்கு அரிசி மாதான் கிடைத்தது.

அடுத்த மருந்து நாள். ஐயா கலக்கும் வேலையை முடித்து, மூக்குத் துணியை அவிழ்த்துக் கொடியில் போட்டுவிட்டு, விறாந்தையில் பிளேன்டீ குடித்துக்கொண்டிருந்தார். விறாந்தை நிறைய ஆட்கள், இடுப்பில் குழந்தைகள். தூள் மடிக்க அவர் பயன்படுத்தும் வெள்ளைக் கடதாசி போலவே ஒன்றில், என் மனைவி புட்டுக்கு அரித்து வைத்த மாவில் ஒரு பிடியை மடித்து எடுத்துப் போயிருந்தேன்.

"டொக்டர், உம்மட தூள் வெளியில விழுந்து கிடந்தது" என்று அவர் முகத்துக்கு நேரே பிரித்து, ஊதினேன்.

தேநீர்க் கோப்பை பறந்தது. ஐயா எழுந்து இரண்டு கைகளையும் விரித்து, விறாந்தையில் இருந்தவர்களைப் பின்னால் தள்ளினார். "மூச்சு விடாதீங்க, பிள்ளைகளத் தூக்கிட்டு ஓடுங்க" என்று கத்தினார். எல்லோரும் முற்றத்துக்குப் போன பிறகுதான் பைப்படிக்கு ஓடித் தலையைத் தண்ணீருக்குள் விட்டார். மீசையில் மா குழைந்து பசையாக வழிந்தது. நான் விரலில் ஒட்டியிருந்ததை நக்கிக் காட்டினேன்.

"அரிசி மா, காணும். நாளைக்குக் கொஞ்சம் தேங்காய்ப்பூவும் கொண்டாறன், தலையில புட்டு அவிக்கலாம்."

தோட்டம் சிரித்தது. முற்றம் சிரித்தது, அடுத்த நாள் மலை சிரித்தது, அதற்கடுத்த நாள் பக்கத்துத் தோட்டம் சிரித்தது. ஓப்பநாயக்கவிலிருந்து வந்த என் மைத்துனன்கூட பஸ்ஸில் கேள்விப்பட்டதாகச் சொன்னான். பயத்தில் அவர் முதலில் எங்களைத் தள்ளிவிட்டுத் தன்னைப் பிறகு கழுவினார் என்பதை அன்று ஒருவரும் கவனிக்கவில்லை. கவனித்திருக்க வேண்டியவன், மா பூசிய விரலோடு நின்ற நான்.

அடுத்த மருந்து நாளில் மூக்குத்துணி இல்லை. கதவு திறந்து கிடந்தது. போத்தலை மணக்கவில்லை, இருமிக் காட்டச் சொல்லவில்லை. "எவ்வளவு வேணும்? புடிங்க" என்று நிரப்பிக் கொடுத்தார். மண்ணெண்ணெய்ப் போத்தல்களும் நிறைந்தன. இருமாதவர்களும் வந்தார்கள். எனக்கு முழுப் போத்தல்.

"சிகரெட்டு இருமல் எண்டீர்?"

"நான் யாருங்க சொல்ல" என்றார், என் முகத்தைப் பார்க்காமல்.

வெற்றியின் ருசி இனிப்பாக இருந்தது. அலுவலக மேசையில் போத்தலை வைத்துக்கொண்டு, நினைத்தபோது ஒரு மிடறு. உலகம் மெத்தையாகிவிட்டது. துரை பேசிக்கொண்டிருக்கும்போதே கண் செருகியது. தண்ணி மலையில் வேலை செய்தவர்களுக்கு விழ வேண்டிய பேரை, அந்த நாட்கூலியை, நாற்று மேடைக்காரர்களுக்கு எழுதினேன். வயிறு திறப்பில்லாத பூட்டாக மாறியது. கக்கூசில் நான் இருந்த நேரத்துக்கு ஓவர்டைம் கேட்டிருக்கலாம். அப்போதாவது அந்தத் தூளைப்பற்றி நான் யோசித்திருக்க வேண்டும். வாழைப்பழத்தைப்பற்றித்தான் யோசித்தேன்.

எங்கள் அலுவலகத்துக்குப் பக்கத்தில்தான் பிள்ளைக்காம்பரா. கொழுந்தெடுக்கும் தாய்மார் காலையில் குழந்தைகளை அங்கே விட்டுப் போவார்கள். ராக்கம்மா என்ற ஆயம்மா பார்த்துக்கொள்வாள். அந்த மழையில் குழந்தைகள் ஒன்று மாற்றி ஒன்று இருமின. ராக்கம்மா ஒரு நாள் அலுவலக வாசலில் வந்து நின்றாள்.

"ஒன்னு இருமுனா எல்லாம் எழும்பிக்குதுங்க ஐயா. ஏணையில போட்டாலும் தூங்குதில்ல. என் தல வெடிக்குது."

ஒரு காலிச் சோடாப் போத்தலை எடுத்து, என் பாணியில் பாதியை அதில் ஊற்றினேன். "ஆளுக்கு ஒரு கரண்டி குடு. பிள்ளையள் வடிவா நித்திரை கொள்ளும்" என்றேன். ராக்கம்மா கும்பிட்டாள். நான் தர்மவானாகிவிட்டேன்.

பிள்ளைக்காம்பரா அமைதியானது. மத்தியானம் பால் கொடுக்க வரும் தாய்மார், "நம்ம ஆயம்மா கைராசி" என்று பேசிக்கொண்டார்கள். நான் ஜன்னலால் கேட்டு மகிழ்ந்தேன்.

மாரியாயியின் மகன் செல்வம்தான் அந்தக் கூட்டத்தில் பெரிய இருமல்காரன். இப்போதுதான் நடக்கத் தொடங்கிய பிள்ளை. ஒரு கரண்டிக்கு அவன் அடங்கவில்லை. ராக்கம்மா இன்னொன்று கொடுத்தாள். திரும்ப எழும்பினான். திரும்பவும் கொடுத்தாள். மத்தியானக் கொழுந்தைத் தராசில் நிறுத்துவிட்டு மாரியாயி வந்து ஏணைத் தொட்டிலிலிருந்து தூக்கினாள். தலை பின்னால் சரிந்தது. உதடு நாவற்பழம் தின்றதுபோல இருந்தது.

அவள் அலறல் டிஸ்பென்சரிக்குக் கேட்டது. ஐயா ஒற்றைச் செருப்போடு ஓடி வந்தார். காதைக் குழந்தையின் மூக்கில் வைத்தார். கண் இமையைத் திறந்து பார்த்தார். பிறகு ராக்கம்மாவைப் பார்த்து ஒரே ஒரு கேள்வி.

"எத்தன கரண்டி?"

ராக்கம்மா விரல்களைக் காட்டினாள். சோடாப் போத்தல் ஜன்னலோரம் நின்றது. ஐயா அதை எடுத்து மணந்தார். கனகாலத்துக்குப் பிறகு அவர் ஒரு போத்தலை மணந்ததை அன்றுதான் பார்த்தேன்.

"யாரு குடுத்தா இத?"

ராக்கம்மா என்னைப் பார்த்தாள். நான் வெளியே நின்ற கொழுந்து லொறியைப் பார்த்தேன்.

அந்த லொறியிலேயே அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போனோம். ஓட்டியவன் பண்டா என்ற சிங்களவன். "பய வெண்ட எப்பா மாத்தயா" என்று, பயப்பட வேண்டாம் என்று எங்களுக்குச் சொல்லிக்கொண்டே, தான் பயந்து அழுதுகொண்டு ஓட்டினான். பின்னால் கொழுந்துச் சாக்குகளுக்கு நடுவில் மாரியாயி, ஐயா, மடியில் குழந்தை. நான் ஏன் ஏறினேன் என்று தெரியவில்லை. கால் ஏறிவிட்டது.

குழந்தை மூச்சை மறந்துகொண்டிருந்தது. ஒன்று எடுக்கும், அடுத்தது வராது. நாங்கள் காத்திருப்போம். அந்த இடைவெளிகளில் ஐயா குனிந்து, குழந்தையின் மூக்கையும் வாயையும் தன் வாயால் மூடி மெல்ல ஊதினார். ஒரு சிட்டிகைத் தூளுக்குப் பயந்து நாலு மடிப்புச் சேலைக்குள் ஒளிந்த வாய் அது. சளியும் பாணியும் வழிந்த அந்தச் சின்ன முகத்தில் கூச்சமில்லாமல் வைத்து ஊதினார். நிமிர்ந்தபோதெல்லாம் காதைக் கிள்ளினார், நெஞ்செலும்பைத் தேய்த்தார்.

"செல்வம், தூங்காத. இருமு. ஒரே ஒருக்கா இருமுடா என் ராசா. இருமிக் காட்டு."

ஊரின் இருமலையெல்லாம் அடக்குவது தொழிலாக இருந்த மனிதர், ஒரு பிள்ளையை இருமச் சொல்லி மன்றாடிக்கொண்டு வந்தார். ஒவ்வொரு வளைவிலும் சாக்குகள் எங்கள்மேல் சரிந்தன. அவர் அவற்றை முதுகால் தாங்கினார்.

ஆஸ்பத்திரியில் ஓர் ஊசி போட்டார்கள். கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு செல்வம் முகத்தைச் சுளித்து, நாலு வீடு கேட்க இருமினான். நான் பிறகு எத்தனையோ கச்சேரிகள் கேட்டிருக்கிறேன். அப்படி ஒன்றைக் கேட்கவில்லை. ஐயா சுவரோரம் குந்தி, வாயைப் புறங்கையால் துடைத்தபடி, "வரட்டு இருமல்" என்றார்.

இப்போது என் இரண்டாவது குற்றத்தைச் சொல்கிறேன். துரை விசாரித்தபோது நான் வாய் திறக்கவில்லை. "பாணி நான் கலக்கினதுங்க. பொறுப்பு என்னோடது" என்று ஐயா சொன்னார். ராக்கம்மா அழுதாளே தவிர என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை; பெரிய கிளாக்கர் பெயரைச் சொன்னால் அடுத்த மாதம் தன் பேர் எப்படி விழும் என்று அவளுக்குத் தெரியும். அவளைப் பிள்ளைக்காம்பராவிலிருந்து நிறுத்தினார்கள். ஐயாவைத் தோட்டத்தை விட்டே அனுப்புவதாகப் பேச்சு எழுந்தது. நான் மேசையில் இருந்து அதற்கான வேலைகளை நேர்த்தியாகப் பார்த்தேன்.

ஒரு பின்னேரம் கால் டிஸ்பென்சரிக்குப் போனது. அவர் ஈரத்துணியால் மேசையைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"சோடாப் போத்தலை ராக்கம்மாட்டக் குடுத்தது நான்."

"தெரியுங்க. ஆபீசுலதான் சோடா குடிப்பாங்க. லயத்துல யாரு குடிக்கிறா?"

"தெரிஞ்சும் ஏன் சொல்லேல்ல?"

துடைப்பதை நிறுத்தினார். "நானும் ஒரு முட்டாளுங்க. இத்தன வருசமா தூளுக்குத்தான் பயந்தேன். என் மூக்குக்குத்தான் பயந்தேன். சீனிப்பாகுல கரைஞ்ச பெறகு அது பூனக்குட்டின்னு நெனச்சேன். சின்னப் பிள்ளைகளுக்கு ஆகாதுன்னு ஒருத்தருக்கும் வாய் திறந்து சொன்னதில்ல. நானே அளந்து குடுக்கிறப்ப சொல்லணுமான்னு ஒரு திமிரு. பெறகு நீங்க ஊதினீங்க. வீம்புல முழுப் போத்தலு குடுத்தேன். உங்களுக்கு வயித்தக் கட்டட்டும்னுதான் குடுத்தேன். கட்டிச்சா?"

"கட்டினது."

"கேக்கச் சந்தோசம்."

மன்னிப்புக் கேட்டேன். அவர் வாளியில் துணியை அலசினார். "எங்கிட்டக் கேட்டு என்னங்க? பெரட்டுக்கு வாங்க. அந்த மா ஊதின வாயாலயே சொல்லுங்க."

அடுத்த நாள் காலை, துரையும் கங்காணிகளும் கொழுந்துப் பெண்களும் வேலைக்குப் பேர் கொடுக்கக் கூடும் அந்த முற்றத்தில், மூக்கில் துணி கட்டிக்கொண்டு போய் நின்றேன். என் மனைவியின் சேலை. அன்னாசிப்பூப் போட்டது. பார்த்த உடனே கூட்டம் வெடித்தது. "அடியே, கிளாக்கர் ஐயாவுக்கும் புடிச்சிருச்சு" என்று யாரோ ஒருத்தி கத்தினாள். அவர்கள் சிரித்து ஓயும்வரை நின்றேன். ஓய்ந்ததும் சொன்னேன். மா ஊதியது, பாணி வாங்கியது, ராக்கம்மாவுக்கு ஊற்றிக் கொடுத்தது, பிள்ளையள் நித்திரை கொள்ளும் என்று நானே சொன்னது, லொறியைப் பார்த்தது, எல்லாம். வீடுகளில் இருக்கும் பாணியை ஒரு குழந்தைக்கும் கொடுக்க வேண்டாம், திரும்பக் கொண்டுவந்துவிடுங்கள் என்றும் சொன்னேன்.

ராக்கம்மா பின்வரிசையில் கூடையோடு நின்றாள். "இத அன்னைக்கே சொல்லியிருந்தா நான் இன்னைக்குக் கொழுந்துக் கூடை தூக்கியிருக்க மாட்டேனே ஐயா" என்றாள்.

கூட்டத்தைப் பிரித்துக்கொண்டு ஐயா வந்தார். நேரே என் பின்னால் போய் நின்றார். எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க, என் மூக்குத்துணியை அவிழ்த்தார்.

"முடிச்சு தப்புங்க. காதுப் பக்கம் போட்டா இடுக்கால தூள் போகும். பிடரியில வரணும்." இறுக்கிக் கட்டினார். "இப்ப மூச்ச இழுங்க. சரி. போங்க, வேலையப் பாருங்க."

அன்று பின்னேரம் டிஸ்பென்சரி விறாந்தையில் சாராயப் போத்தல்கள் வரிசையாக வந்து நின்றன. அவற்றைப் பார்த்த புதிதாக வந்த சின்னத் துரை, உள்ளே கல்யாணமா என்று கேட்டாராம். ஐயாவைத் தோட்டத்தை விட்டு அனுப்பவில்லை. என்னைப் பெரிய கிளாக்கர் கதிரையிலிருந்து இறக்கினார்கள், அது சரியானதே. ராக்கம்மாவுக்காகத் துரையிடம் பலமுறை போனேன். பிள்ளைக்காம்பரா அவளுக்குத் திரும்பக் கிடைக்கவில்லை. வழியில் என்னைக் கண்டால் அவள் கூடையை மற்றத் தோளுக்கு மாற்றிக்கொண்டு போய்விடுவாள். செல்வம் வளர்ந்து வரக்காப்பொலையில் ஒரு கடைக்கு வேலைக்குப் போனான். லீவில் வந்தால் என்னைக் கும்பிட்டு, "சின்ன மூக்குக்கட்டி ஐயா, சுகமா?" என்பான். அவனுக்கு அது பட்டப்பெயர் என்றே தெரியாது. தோட்டம் முழுவதும் எனக்கு வேறு பெயர் மிஞ்சவில்லை.

பாணி கலக்கும் நாட்களில் நான் டிஸ்பென்சரிக்குப் போய், நனைத்த சாக்கை விரித்து, ஜன்னலை அடைத்து, அவர் நிறுத்து முடிக்கும்வரை வாசலில் காவல் நின்றேன். அவர் ஓய்வு பெறும்வரை நின்றேன். ஒரு முறையாவது என் முடிச்சைப் பார்த்துச் சரி என்று அவர் சொன்னதில்லை. ஒவ்வொரு முறையும் அவிழ்த்துத் தானே கட்டிவிடுவார்.

அவர் போய்ச் சேர்ந்து சில காலம் ஆகிறது. என் மனைவிக்கு இப்போது கை நடுக்கம்; புட்டுக்கு மா அரிப்பது நான்தான். அரிக்க உட்காருமுன் மூக்கைக் கட்டிக்கொள்கிறேன். வெறும் அரிசி மாதானே என்று அவள் சிரிக்கிறாள். நான் முடிச்சைப் பிடரிக்குத் தள்ளிவிட்டு, யாராவது பின்னால் வந்து அவிழ்த்துச் சரியாகக் கட்டுவார்களா என்று கொஞ்ச நேரம் அப்படியே இருக்கிறேன்.